பெயரடைவு

புத்தகத்தின் கடைசிப் பதினான்கு பக்கங்கள் என்னுடையவை.
அவற்றை யாரும் வாசிப்பதில்லை. தேடுவார்கள்,
பெரும்பாலும் தங்கள் பெயரை.

இந்த வாரம் ஆன்ட்வெர்ப் நகரத்துத் தத்துவவாதிகள்.
அறுநூற்றுச் சொச்சம் பக்கம், கெட்டி அட்டை.
ஹாகெமான், ஓடிலோன்: பதினொரு வரி.
பிறப்பு, மணமுறிவு, காலம் பற்றிய கொள்கை,
மூக்குக்கண்ணாடி தொலைந்தது 212,
கிடைத்தது 213.

ஸ்லாக்மோய்ல்டர்ஸ், ரெமி: ஒரே ஓர் எண்.
அதுவும் அடிக்குறிப்பு.
அதிலும் எழுத்துப்பிழை.

அவர்கள் ஏழு பேர்.
செவ்வாய்தோறும் துறைமுகத்து மதுக்கடையில்
அடுப்புக்குப் பக்கத்து மேசை.
ஒருவர் நூலுக்கு ஒருவர் முன்னுரை,
ஒருவர் தங்கைக்கு ஒருவர் மாப்பிள்ளை.
சண்டைகூட அச்சில்தான் போட்டார்கள்,
பெயரைச் சரியாக எழுதி.
வைத்த மொய்யைத் திருப்பி வைப்பதுபோல்
மேற்கோளுக்கு மேற்கோள்;
யாரும் கடனாளியாகச் சாகவில்லை.

எட்டாவது ஆள்
கயிற்றாலையில் கணக்கெழுதினார்.
ஷெல்டே நதிக்கு அந்தப் பக்கம் வீடு.
அக்கரை பச்சை என்பார்கள்;
அவருக்கு வாடகை பாதி, அவ்வளவுதான்.

கடைசிப் படகு ஒன்பது மணிக்கு.

ஒன்பதுக்கு முன் அந்த மேசையில்
மீன் விலை, மூட்டுவலி, துணைவேந்தரின் மருமகன்.
இரண்டாம் புட்டி திறந்து
யாரோ ஒருவர் "இல்லை, அப்படியில்லை" என்று
மேசையைத் தட்டும்போது மணி ஒன்பதரை.
எட்டே முக்காலுக்கே அவர் தொப்பியை எடுத்திருப்பார்.
அவர் நாற்காலியில்
மற்றவர்களின் மேலங்கிகள் உட்கார்ந்திருக்கும்.

ஆவணக்காப்பகத்தில் அவருடைய நோட்டுகள் நாற்பது.
எல்லாவற்றையும் படித்தேன், யாரும் பணிக்காமல்.
முப்பத்தேழு, உண்மையைச் சொன்னால், அலுப்பு.
மூன்றில் ஆங்காங்கே
இருட்டில் தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வரி,
உடனே அணைந்துவிடும்.
மற்ற ஏழு பேரிடமும் நாற்பது நாற்பது இருந்தன,
அதே விகிதத்தில் அலுப்பு.
ஆனால் அவர்கள் தீக்குச்சி கிழித்தபோது
எதிரே இருந்தவர் சொன்னார்:
"அதை இன்னொரு தரம் சொல்."

மதுக்கடைக்காரியின் கணக்குப் புத்தகமும் அங்கே இருக்கிறது.
ஒரு நவம்பர் செவ்வாய்:
மூடுபனி. படகு இல்லை.
ஸ்., காப்பி ஒன்று. விடியும்வரை பேச்சு.
பெஞ்சில் தூங்கினார். போர்வைக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த வாரம் ஹாகெமான் ஒரு கடிதத்தில்
முதல்முறையாக எழுதுகிறார்,
இன்று பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் அந்த வாக்கியத்தை:
நேற்று என்பது கடந்து போனதல்ல,
நாம் இறங்கிவிட்ட இடம்.

இறங்கிவிட்ட இடம்.

திருட்டென்று சொல்லமாட்டேன்.
மேசை நடுவில் வைத்த ரொட்டி அது,
யார் பிட்டது, யார் தின்றது, யாருக்குத் தெரியும்.
தினம் இரண்டு தரம் படகேறி இறங்கியவர் யார் என்பது மட்டும் தெரியும்.

நூலாசிரியர் கவன்பெர்க்ஸ் அம்மையாருக்குத் தொலைபேசினேன்.
இரண்டு வரி சேர்க்கலாமா?
அன்பாகத்தான் கேட்டார்:
"அவரை யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா?"

எழுத்துப்பிழையைத் திருத்தினேன்.
பிறகு பகர வரிசையில்,
பகுத்தறிவுக்கும் படிமத்துக்கும் நடுவே,
படகு, கடைசி: காண்க ஸ்லாக்மோய்ல்டர்ஸ்
என்று செருகினேன். பக்க எண் இல்லை.
மெய்ப்புப் பார்ப்பவர் கண்டுபிடித்தால் போயிற்று.
அவர் ஹெண்ட் நகரத்தில் இருக்கிறார்,
நாங்கள் சந்தித்ததில்லை.

இப்போது நதிக்கடியில் சுரங்கப்பாதை இருக்கிறது,
நடந்தால் பத்து நிமிடம், ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும்.
நானும் அக்கரையில்தான் குடியிருக்கிறேன்.
பதிப்பகத்தார் செவ்வாய் மாலைகளில் கூடுகிறார்கள், கூப்பிடுவார்கள்.
காலையில் வேலை இருக்கிறது என்று
எட்டே முக்காலுக்கு எழுந்துவிடுகிறேன்.